குப்பையில் வைத்த குரல்

செஞ்சி,
8-12-2024

திரு. எழிலன் அவர்களுக்கு,

வளர்மதி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். நாலாம் தேதி விழுப்புரம் கோர்ட்டில் பார்த்தபோது கொஞ்சம் இளைத்திருந்தீர்கள், அவ்வளவுதான்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தோன்றும். உங்கள் நம்பரை நான் பிளாக் செய்து ஒன்றரை வருஷம் ஆகிறது. எடுத்துவிட்டாலும் பிரயோசனம் இல்லை. நீங்கள் பேசினால் நான் கத்துவேன், நான் கத்தினால் நீங்கள் “சரி சரி” என்று வைத்துவிடுவீர்கள். தாளில் கத்த முடியாது, பாதியில் வைத்துவிடவும் முடியாது. அதனால்தான்.

அன்றைக்கு ஜட்ஜம்மா, “ரெண்டு பேரும் நல்லா யோசிச்சிட்டீங்களா?” என்று கேட்டார். கேள்வி முடிவதற்குள் இருவரும் தலையாட்டிவிட்டோம். ஜூன் 18-ஆம் தேதி மறுபடி வரவேண்டும். அன்றைக்கும் இதே கேள்விதானாம். ஆமாம் என்றால் அதோடு எல்லாம் முடிந்தது என்று வக்கீல் ஷோபனா மேடம் சொன்னார். பிள்ளை இல்லை, பங்கு பிரிக்க நிலம் நீச்சு இல்லை, இவ்வளவு சுலபமான கேஸ் தன் கைக்கு வந்ததே இல்லை என்று சந்தோஷப்பட்டார்.

ஆமாம் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. அதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம் தெரியவேண்டும்.

நைனாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்தால் பேச்சு போய்விடும் என்று டாக்டர் சொன்னதும், பத்து நாள் அவரை உட்காரவைத்துப் பேச்சைப் பதிவு செய்தேனே, அந்த நாற்பத்தாறு கோப்புகள். நம் லேப்டாப்பில் இருந்தன. அழித்ததெல்லாம் போய் விழுமே ஒரு குப்பைத் தொட்டி, அதற்குள் வைத்திருந்தேன். ஏன் அங்கே வைத்தாய் என்று மறுபடி ஆரம்பிக்காதீர்கள். நைனா செத்துப் பதினாறாம் நாள் கருமாதிக்கு நீங்கள் லேப்டாப்பைக் கொண்டுவந்தீர்கள். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் திறந்தேன். காலி.

“நான் ஒண்ணும் பண்ணலை வளர். முப்பது நாள் ஆனா அந்தத் தொட்டி தானாவே காலியாயிடும், அப்படி ஒரு செட்டிங் இருக்குது” என்றீர்கள். கம்ப்யூட்டர் படித்தவர், சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினேன்.

இப்போது நான் லூர்துநாதன் அண்ணன் போட்டோ ஸ்டுடியோவில் வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு இருநூறு படமாவது அழிக்கிறேன். கடை சாத்தும் முன் தொட்டியைக் காலி செய்வதும் நான்தான். ஒவ்வொரு தடவையும் அது என்னைக் கேட்கிறது: இவற்றை நிரந்தரமாக அழிக்கட்டுமா, நிச்சயம்தானா என்று. கேட்காமல் ஒருநாளும் காலி செய்ததில்லை.

அன்றைக்கு அது உங்களைக் கேட்டதா, இல்லையா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
செ. வளர்மதி


சென்னை,
17-12-2024

அன்புள்ள வளர்மதிக்கு,

எழிலன் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்தில் கடிதம் எழுதிப் பத்து வருஷம் இருக்கும். கோணலாக இருந்தால் மன்னித்துவிடு. அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கோர்ட்டுக்கு வந்தபோது தைலம் வாங்கி வைத்திருந்தேன், கொடுக்க முடியாமல் போய்விட்டது.

நீ கேட்டது பற்றி. முப்பது நாளில் தானாகக் காலியாகிற செட்டிங் ஒன்று நிஜமாகவே உண்டு. உங்கள் கடைக் கணினியில் அது போடாமல் இருக்கலாம். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு மாதிரி. கருமாதிக்கு முந்தின வாரம் ஆபீஸ் சாப்ட்வேர் ஒன்றைப் போட இடம் பற்றாமல் எதையெதையோ அழித்தேன். அப்போது கேட்டிருக்கலாம், கேட்காமலும் இருந்திருக்கலாம். இரண்டு வருஷம் ஆகப்போகிறது, எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

வேடிக்கையைப் பார், இப்போது எங்கள் ஆபீஸில் இதே பேச்சுதான் ஓடுகிறது. மக்கள் தங்கள் படங்களையும் பத்திரங்களையும் போட்டு வைத்துக்கொள்ள ஒரு ஆப் செய்கிறோம். யாராவது ஒரு கோப்பை அழித்தால், “நிச்சயம்தானா?” என்று கேட்கலாமா வேண்டாமா? கேட்டே ஆகவேண்டும் என்கிறார் எங்கள் மேனேஜர் ரஞ்சித். சும்மா சும்மா கேட்டால் ஆட்களுக்கு எரிச்சல் வரும் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். நீ தினமும் இருநூறு அழிக்கிறவள். உனக்கு என்ன தோன்றுகிறது?

மழையில் நனையாதே. உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

அன்புடன்,
எழிலன்


செஞ்சி,
2-1-2025

எழிலன் அவர்களுக்கு,

புது வருஷமும் அதுவுமாகத் திட்ட வேண்டாம் என்று ஒருநாள் பொறுத்திருந்து எழுதுகிறேன்.

ஞாபகம் இல்லையா? நம் கல்யாணத்தில் மூணாவது பந்தியில் பாயசம் தீர்ந்தது ஞாபகம் இருக்கிறது. என் சித்தப்பா உங்களை “தம்பி” என்று கூப்பிடாமல் “டேய்” என்று கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறது. இது மட்டும் மறந்துவிட்டதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதென்று சொல்வார்கள். நீங்கள் பூசணித் தோட்டத்தையே மறைக்கிறீர்கள்.

கேட்க வேண்டாம் என்று சொன்னாலும் நீங்கள் மனசுக்குள் கேட்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன், குப்பைத் தொட்டியில் ஏன் வைத்தேன் என்று.

முதலில் பதிவு செய்தது போனில். போன் வாளித் தண்ணீரில் விழுந்து செத்தது. இரண்டாவது தடவை பதிவு செய்து மெமரி கார்டில் வைத்தேன். கேமராவில் போட்ட யாரோ அதைத் துடைத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பத்து நாள்தான் இருந்தது. நைனாவிடம் அழுதேன். அவர் சிரித்தார்.

“எனக்கு முன்ன பொறந்தது ரெண்டும் தங்கல. மூணாவதா நான் பொறந்ததும் எங்கம்மா இன்னா பண்ணாங்க? முறத்துல வெச்சு குப்பைமேட்டுல போட்டுட்டாங்க. பக்கத்து ஊட்டு அம்மா ஒரு படி தவுடு குடுத்து வாங்கினு வந்து திருப்பிக் குடுத்தாங்க. குப்பைன்னு நெனச்சு எமன் கண்டுக்காம பூட்டான். பள்ளிக்கூடத்துல செல்லப்பன்னு எழுதினாலும் ஊருக்கு நான் இன்னும் குப்பன்தான. நீயும் அதப் பண்ணு. மூணாவதக் குப்பையில போட்டு வெய்யி, நிக்கும்” என்றார்.

எனக்கும் அப்போது சிரிப்பு வந்தது. ஆனால் போட்டேன். அதில் பாதி விளையாட்டு, பாதி நம்பிக்கைதான். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மட்டும் முழுசாகவா நம்பினோம்?

ஊரில் அவர் குரல் கிடைக்காதா என்று கேட்டவர்கள் உண்டு. கிடைக்கும். ஆட்டோவில் மைக் கட்டி, நாளைக்கு கரண்ட் கிடையாது, கூத்து இருக்கிறது, மாடு காணவில்லை என்று முப்பது வருஷம் பனமலை வரைக்கும் சொல்லிக்கொண்டு போனவர் அல்லவா? இரண்டு மூன்று பேரிடம் பழைய விளம்பரப் பதிவு இருக்கிறது. அதெல்லாம் மைக் குரல். வீட்டில் என்னை “சாப்ட்டியா” என்று கேட்கும் குரல் அந்த நாற்பத்தாறில்தான் இருந்தது.

அன்றைக்கு எல்லார் முன்னாலும் நீங்கள் இன்னொன்றும் சொன்னீர்கள். “குப்பைத் தொட்டியில யாராவது வெப்பாங்களா? படிச்சவதான நீ?” என்றீர்கள். சிலர் சிரித்தார்கள். கருமாதி வீட்டில் சிரிப்பு. என் அப்பன் குரலை நானே தொலைத்தேன் என்று இன்றைக்கு வரை ஊர் சொல்கிறது. அம்மாவுக்கும் அந்த எண்ணம் இருக்கிறது, வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். நானும் இரண்டு வருஷமாக அதையே நம்பிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் ஆபீஸ் கேள்விக்கு அப்புறம் பதில் சொல்கிறேன். முதலில் என் கேள்விக்குச் சொல்லுங்கள். கேட்டதா, இல்லையா?

வளர்மதி


சென்னை,
26-1-2025

அன்புள்ள வளருக்கு,

கேட்டது.

இதை எழுத மூன்று வாரம் ஆகியிருக்கிறது. நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். இன்று லீவு, எழுதி முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று உட்கார்ந்தேன்.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம். நீ செஞ்சியில் இருந்தாய். லேப்டாப்பில் இடம் இல்லை. தொட்டியைக் காலி செய்யும்படி அதற்கே சொன்னேன். இந்த 46 உருப்படிகளையும் நிரந்தரமாக அழிக்க வேண்டுமா என்று அது கேட்டது. அந்த 46 இப்போதும் கண்ணில் நிற்கிறது. காதில் போன், ஆபீஸ் ஆள் ஏதோ ஜோக் சொன்னான், சிரித்துக்கொண்டே ஆம் என்பதை அழுத்தினேன். கண் படித்ததா என்றால், படித்தது. புத்திக்குப் போவதற்குள் விரல் போய்விட்டது.

அது உன் கோப்பு என்று எனக்குத் தெரியாது. அங்கே வைத்திருக்கிறாய் என்றும் தெரியாது. இது சத்தியம். ஆனால் மிஷின் என்னைக் கேட்டதே தவிர, நான் உன்னைக் கேட்கவில்லை. “வளர், தொட்டியில ஏதோ நாற்பத்தாறு கெடக்குது, தூக்கிப் போடட்டுமா?” என்று ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

கருமாதி அன்று நீ திறந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. உன் சித்தப்பா, மாமாவோடு மைக் கட்டிப் போன ஆட்கள், எங்கள் சீயமங்கலத்து ஜனம், எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வாயில் முதலில் வந்த பொய்யைச் சொன்னேன். பொய் நிற்கவேண்டுமே என்று உன்மேல் பழியைத் தூக்கிப் போட்டேன். சென்னைக்குப் போனதும் சொல்லிவிடலாம், மறுநாள் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டு, நீ பெட்டி எடுத்துக்கொண்டு கிளம்பிய அன்றைக்கும் சொல்லவில்லை.

நீ தொலைக்கவில்லை வளர். நான்தான். அத்தைக்கும் தனியாக ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். சித்தப்பாவுக்கும் எழுதுகிறேன். யார் யாருக்கு எழுத வேண்டும் என்று சொல், எல்லாருக்கும் எழுதுகிறேன்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

எழிலன்


செஞ்சி,
23-3-2025

எழிலனுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். அவள் எழுந்துபோய்க் கஞ்சி வைத்தாள். குடித்து முடித்ததும் என் தலையைத் தடவி, “உன்னப் போயி சொன்னனே” என்றாள். வாய்விட்டுச் சொன்னதில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாமல் யார் யாரிடமோ சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. இரண்டு பேரும் அழுதோம். அந்த அளவுக்கு உங்களுக்கு நன்றி.

கோபம் தீர்ந்ததா என்றால், தீரவில்லை. நடுவில் இரண்டு மாசம் எழுதாமல் இருந்ததும் அதனால்தான். எழுதினால் தாள் கிழிந்திருக்கும். தெரியாமல் அழித்ததை நான் அன்றே மன்னித்திருப்பேன், யானைக்கும் அடி சறுக்கும். இரண்டு வருஷம் என்னைக் குற்றவாளியாக நிற்கவைத்தீர்களே, நான் கிளம்புகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டீர்களே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

சரி, உங்கள் ஆபீஸ் கேள்வி. சும்மா விட்டால் நான் பதில் தெரியாமல் விட்டேன் என்று நினைப்பீர்கள்.

கேட்டுப் பிரயோசனம் இல்லை. எங்கள் ஸ்டுடியோ அண்ணன் போன மாசம் ஒரு காதுகுத்துப் படம் முழுவதையும் அழித்தார். கேட்டதா என்றேன். “கேட்டுச்சு. அது எதுக்குத்தான் கேக்கல? தும்முனாக்கூட கேக்குது. நான் யெஸ்ஸு குடுத்துக்கினே இருப்பேன்” என்றார். காதுகுத்து வீட்டார் வந்து ஆடிய ஆட்டம் இருக்கிறதே! குழந்தைக்கு மறுபடி மொட்டை போட்டு, மாமனை உட்காரவைத்து, திரும்ப எடுத்துக்கொடுத்தோம். காது மட்டும் ஏற்கெனவே குத்தியாயிற்று, குழந்தை அழாமல் சிரித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் கடையில் இன்னொரு வழக்கம் உண்டு. குடும்பப் படத்திலிருந்து ஒரு ஆளை எடுத்துவிடச் சொல்லி மாசத்துக்கு நாலு பேராவது வருவார்கள். குஞ்சம்மாள் என்று ஒரு அம்மா போன ஆவணியில் வந்தாள். “இந்தாம்மா, எம் மருமவன இதுலேர்ந்து தூக்கிடு, அவன் மூஞ்சியே எங்கூட்டுல இருக்கக் கூடாது” என்றாள். நிச்சயமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னைத்தான் அடித்திருப்பாள். எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி வைத்துக் கொடுத்தேன். மூலப்படத்தை மட்டும் அழிக்காமல், பொங்கல் வரைக்கும் இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். அப்படித்தான் எங்கள் கடையில் செய்வது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு பொட்டலம் அதிரசத்தோடு வந்து நின்றாள். “அந்தத் தம்பியத் திரும்ப நிக்க வெக்க முடியுமா?” என்று கேட்டாள். பூந்தொட்டியை எடுத்துவிட்டுத் தம்பியை நிற்கவைத்தேன்.

உங்கள் ஆப்பும் அப்படி இருக்கட்டும். ஆளைக் கேட்காதீர்கள். கோபத்தில் இருக்கிறவனும் அவசரத்தில் இருக்கிறவனும் ஆமாம் என்றுதான் சொல்வான். சொன்னதைச் செய்துவிட்டு, சத்தம் போடாமல் கொஞ்ச நாள் வைத்திருங்கள்.

வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. கோட்டைப் பாறையெல்லாம் காலையிலேயே சுடுகிறது. தைலத்தை அம்மாவுக்கு அனுப்புவதானால் அனுப்புங்கள். அது அவளுக்கும் உங்களுக்கும் உள்ள விஷயம்.

வளர்மதி


சென்னை,
25-5-2025

அன்புள்ள வளருக்கு,

தைலம் அனுப்பியது கிடைத்திருக்கும். காலையில் ஒரு தடவை தேய்த்தால் போதும்.

உன் பூந்தொட்டி மருமகனை ஆபீஸ் மீட்டிங்கில் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். பிறகு ரஞ்சித் சொன்னார்: “கேட்டுட்டோம்னா அதுக்கப்புறம் அது அவங்க தப்பு. நாளைக்கு நம்மள ஒருத்தனும் கேக்க முடியாது.”

நான் உன்னிடம் சொன்னதும் அதுதானே? அங்கே வைத்தது உன் தப்பு என்று. ஆறு வருஷத்தில் ஆபீஸில் நான் குரலை உயர்த்தியதில்லை, அன்று உயர்த்தினேன். “நாம கேக்கறது அவங்க பொருளக் காப்பாத்த இல்ல சார், நம்மளக் காப்பாத்திக்க” என்றேன். அப்புறம் நாலு மீட்டிங் நடந்தது. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். ஒரு கோப்பை அழித்தால் எங்கள் ஆப் இனிக் கேட்காது. தொண்ணூறு நாள் வைத்திருக்கும், எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். உன் பெயரைப் போடவில்லை. செஞ்சியில் ஒரு ஸ்டுடியோவில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

இன்னொன்று. நீ வீட்டை விட்டுப் போன வாரமே அந்த லேப்டாப்பின் டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டேன். அழித்த கோப்பு உடனே போய்விடாது, அதன் மேல் வேறு எதையாவது எழுதினால்தான் போகும். நான் ஏற்கெனவே ஆபீஸ் சாப்ட்வேரை அதன் மேல் ஏற்றித் தொலைத்திருந்தேன். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து தேடினேன். இரண்டு பேரிடம் கொடுத்தும் பார்த்தேன், முடியாது என்று திருப்பிக் கொடுத்தார்கள். போன மாசம் ஒன்று கிடைத்தது. நாற்பத்தாறில் ஒன்று. அதிலும் ஐம்பத்து மூன்று செகண்டுதான். முதல் வார்த்தை வந்ததும் நிறுத்திவிட்டேன். மாமா குரல் என்று தெரிந்தது, மேற்கொண்டு கேட்க எனக்கு உரிமை இல்லை.

இந்தக் கவரில் இருக்கும் பென் டிரைவில் அது இருக்கிறது. ஒட்டியிருக்கிறேன். தயவுசெய்து ஜூன் 18-க்குப் பிறகு பிரி. இதை வைத்து உன்னை வளைக்கப் பார்த்தேன் என்று பின்னால் உனக்குத் தோன்றக் கூடாது, எனக்கும் தோன்றக் கூடாது. அன்றைக்கு நீ என்ன சொன்னாலும் அது உன்னுடையது. எனக்கு என்ன வேண்டும் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் ஒரு தடவை எழுதிவிடுகிறேன். நீ திரும்பி வரவேண்டும். அவ்வளவுதான். இனி இதைப் பற்றி எழுத மாட்டேன்.

எழிலன்


செஞ்சி,
30-5-2025

கவர் வந்தது. பிரிக்கவில்லை. அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். குப்பையில் வைக்க இந்தத் தடவை தைரியம் வரவில்லை.

வளர்மதி


செஞ்சி,
12-6-2025

என்னங்க,

பிரித்துவிட்டேன். திட்டாதீர்கள். அரிசி எடுக்கப் போகும்போதெல்லாம் கையில் தட்டுப்பட்டது. பத்து நாள் பொறுத்ததே பெரிசு. நேற்று மத்தியானம் கடைச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணனை வெளியே அனுப்பிவிட்டு, அம்மாவை வரச் சொல்லி, இரண்டு பேரும் கேட்டோம். நீங்கள் கேட்கவில்லை என்று சொன்னதால் எழுதுகிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்.

நைனா தொண்டையைச் செருமிவிட்டுத் தொடங்குகிறார். “தளவானூரு, பனமலை, சுத்துவட்டாரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே... ஐயையே! ஊட்டுல உக்காந்துக்கினு இன்னாத்துக்கு மைக்கு கொரலு வருது? தப்பாப் பூடுச்சு வளரு. இத அழிச்சுடு, மொதல்லேர்ந்து சொல்றேன்.”

அதற்கு நான், “இருக்கட்டும் நைனா. தப்பா இருந்தா இன்னா, உன்னுதுதான?”

“வேணா, அழிச்சுடு. நாளைக்கு எவனாவது கேட்டுட்டு சிரிப்பான்.”

“சிரிச்சா சிரிக்கட்டும். தப்பாப் போனதெல்லாம் அழிச்சுக்கினே போனா அப்பறம் இன்னாதான் மிச்சம் இருக்கும்?”

அவர் சிரிக்கிறார். சிரிப்பில் இருமல் வருகிறது. இருமி முடித்துவிட்டு, மைக் குரல் போய், வீட்டுக் குரலில், “சரி வுடு, இருக்கட்டும். நீ சாப்ட்டியா?” என்கிறார். அதோடு நின்றுவிடுகிறது.

அம்மா, “சாப்ட்டேன்னு சொல்லுடீ” என்றாள். சொன்னேன்.

அப்புறம் எத்தனை தடவை போட்டோம் என்று தெரியாது. முதலில் நைனாவுக்காகத்தான் கேட்டேன். ஏழெட்டுத் தடவை ஆன பிறகுதான் நடுவில் பேசுகிற அந்தப் பெண் காதில் விழுந்தாள். என் குரல்தான். ஆனால் இவ்வளவு தைரியமாக நான் எப்போது பேசினேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் சொன்னதை இன்று காலை வரை யோசித்தேன். அன்றைக்கு ஜட்ஜம்மா கேட்டபோது யோசிக்கவே இல்லை. தொட்டியைக் காலி செய்கிறபோது நீங்கள் செய்ததைத்தான் கோர்ட்டில் நானும் செய்திருக்கிறேன்.

காலையில் ஷோபனா மேடத்துக்குப் போன் செய்து, 18-ஆம் தேதி நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். “ரெண்டு பேரும் வந்து சொன்னாத்தாம்மா செல்லும். வரலேன்னா மனு அப்படியே கெடக்கும், அடுத்த வருஷம் தானாவே இல்லாமப் பூடும்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தானாகவே போய்விடும் என்று நீங்கள் அன்று சொன்ன பொய் இந்த ஒரு இடத்திலாவது மெய்யாகட்டும்.

உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்று நினைக்காதீர்கள். கோபம் இன்னும் இருக்கிறது. சில நாள் காலையில் எழுந்ததும் இருக்கிறது. சென்னைக்கு வருவதைப் பற்றி இப்போது கேட்காதீர்கள். கேட்டால் இல்லை என்றுதான் வரும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கே வரலாம். அந்த டிஸ்கையும் எடுத்து வாருங்கள், மிச்சம் நாற்பத்தைந்தில் ஏதாவது கிடைக்குமா என்று நானும் கூட உட்கார்ந்து பார்க்கிறேன். அம்மா கருவாட்டுக் குழம்பு வைக்கட்டுமா என்று கேட்கச் சொன்னாள்.

கிளம்பும்போது போன் செய்துவிட்டு வாருங்கள். உங்கள் நம்பரின் பிளாக்கை எடுத்துவிட்டேன். எடுக்கும்போது போனும் ஒரு தடவை கேட்டது, நிச்சயம்தானா என்று. இந்தத் தடவை நிதானமாகப் படித்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

வளர்